டயலின் நடுவே ஒரு காகித வட்டம்

பழைய லண்டன் தொலைபேசிகளில், டயலின் நடுவே சிறு காகித வட்டம் இருக்கும். அதில் அந்த இணைப்பின் எண். 1927-இல் அங்கே தானியங்கி இணைப்பகங்கள் வரத் தொடங்கியபின், இணைப்பகப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளையும் சுழற்ற வேண்டியிருந்தது. எடுத்துக்காட்டாக, லண்டன் காவல்துறைத் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டின் எண் அன்று 'வைட்ஹால் 1212'!

இப்படியொரு தொலைபேசியைப் புதுப்பிக்கும்போது அதன் பேக்லைட் உடலை மெருகேற்றிவிடலாம், கிழிந்த காகித வட்டத்தை என்ன செய்வது? புதிதாக அச்சிட்டால் வெள்ளைவெளேரென்று கண்ணை உறுத்தும். அதனால் காகிதத்தைப் பால் சேர்க்காத தேநீரில் நனைத்து, உலர்த்தி, கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்துச் சமமாக்கி, பிறகு அச்சிடலாம். முன்பே அச்சிட்டால் இங்க்ஜெட் மை பெரும்பாலும் கரைந்து ஓடிவிடும்.

அசல் காகிதத்தில் ஒரு துணுக்கு மிஞ்சியிருந்தாலும் எறிந்துவிடாதீர்கள், நேயர்களே. எழுத்தின் வடிவமும் அளவும் அதில்தான் இருக்கின்றன.