உள்ளத்தின் அரண்கள்

காலில் முள் தைத்தால் கை தானே அவ்விடத்தை நாடுகிறது. உள்ளத்தில் முள் தைத்தால் நாடுவது எது? இவ்வினாவை முறையாக ஆராயப் புகுந்தவர் வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்டு பிராய்டு. தாங்கவொண்ணாத எண்ணங்களை உள்ளம் நம்மை அறியாமலே விலக்கி நிறுத்துகிறது என்று அவர் 1894-ஆம் ஆண்டில் எழுதினார். அவருடைய மகளார் அன்னா பிராய்டு 1936-இல் வெளியிட்ட நூலில் அம்முறைகளை வகைப்படுத்திக் காட்டினார். தற்காப்பு முறைகள் என்று அவற்றை உளநூலார் வழங்குவர்.

பெயர் புதியதாயினும் பொருள் நமக்குப் பழையதே. எட்டாத பழத்தைப் புளிக்கும் என்ற நரி செய்தது காரணம் கற்பித்தல். ‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்’ என்னும் பழமொழி, சினத்தை உரிய இடத்தில் காட்டமாட்டாமல் எளிய இடத்தில் காட்டும் இடமாற்றத்தைக் கடிகிறது. ஆடத் தெரியாதவள் கூடத்தைக் குறை கூறிய கதையை நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டு ஏரிக்கரைக்குச் செல்வோம். நம் நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது இது. தமிழகத்திலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கிறது. கடலும் ஏரியும் கூடும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிடுமானால், கடல்நீரோடு உட்புக வேண்டிய இறாற்குஞ்சுகள் வாரா. தொழில் திறத்தில் ஒரு குறையும் இல்லாதவனுடைய வலையும் அப்பொழுது வெறுமையாய்த் திரும்பும். ‘எனக்கு மட்டும் ஏன்?’ என்னும் கேள்வி அவன் நெஞ்சில் எழும். அதற்கு உள்ளம் தேடும் விடைகள் பெரும்பாலும் தீயவை. ஒன்று, தன்னையே நொந்துகொள்வான். அன்றேல், பக்கத்து வலைக்காரன் மேல் பழியை ஏற்றுவான்.

இவ்விடத்தில்தான் ‘பாடு’ என்னும் ஏற்பாடு என் கருத்தைக் கவர்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் வழிவழியாக வந்தது இது. ஏரியில் இறால் நன்கு படும் இடங்கள் சிலவே, வலைகளோ பல. ஆதலின் எவருக்கு எவ்விடம், எந்நாள் என்று ஊரார் கூடி முறை வகுத்துக்கொள்வர். சீட்டுக் குலுக்குதலும் அதில் உண்டு. பாடு என்ற சொல்லே துன்பத்தையும் உழைப்பையும் ‘மீன்பாடு’ என்னும்போது கிடைத்த மீனையும் குறிப்பது எண்ணத்தக்கது. சண்டையைத் தவிர்க்கவும் மீனைப் பகிரவும் அமைந்த முறை இது என்பர் பலர். அஃது உண்மையே. ஆனால், உள்ளத்துக்கும் அது அரணாயிற்று என்பது என் துணிபு. இன்றைய நட்டம் முறையால் வந்தது, நாளை முறை மாறும் என்று அறிந்தவனுக்கு அயலானைப் பகைக்கக் காரணம் இல்லை. தன்னை இகழவும் தேவை இல்லை.

மாலினோவ்ஸ்கி என்னும் மானிடவியலறிஞர் நியூகினிக்கு அருகிலுள்ள டிரோபிரியாண்டு தீவுகளில் கண்டதை இதனோடு ஒப்பிடலாம். இடரற்ற உப்பங்கழியில் மீன் பிடிப்போர் மந்திரம் எதையும் நாடவில்லை; ஆபத்து நிறைந்த திறந்த கடலுக்குச் செல்வோர் விரிவான மந்திரச் சடங்குகள் செய்தனர் என்று அவர் 1925-இல் எழுதினார். உறுதியின்மை மிகும்போது உள்ளம் பிடிப்பு ஒன்றைத் தேடும். பழவேற்காட்டில் கழியும் உறுதியற்றதாகவே இருந்தது. ஊரார் கண்ட பிடிப்பு முறையாய் அமைந்தது.

அரண் என்றால் வெளியே நிற்பவரும் உண்டு. பாட்டில் பங்கு பெறாத பிற ஊரார் உளர்; கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் உளர். இறால் ஏற்றுமதிப் பொருளாகி விலை ஏறியபின் இவ்வேறுபாடு பூசலாகவும் வெடித்தது. அவர்தம் மனக்குறையைப் பொறாமை என்று தள்ளுவோமானால், நாமே காரணம் கற்பிக்கிறவர் ஆவோம்.

2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலை போன்ற பேரிழப்பில் முறைகள் எவையும் போதா. உடல் கிட்டாத வீட்டில், ‘எங்கேனும் கரையேறியிருப்பான்’ என்று சொல்லிக்கொள்வது ஏற்க மறுத்தல். முதல் சில நாட்களில் அது மருந்து போன்றது. திடீரென்று விழும் பாரத்தைச் சிறிது சிறிதாக இறக்கி வைக்கிறது. மாதக்கணக்கில் நீளுமானால் அதுவே நோயாகும். பெண்கள் கூடியமர்ந்து ஒப்பாரி வைத்து அழுகின்றனர். ஆடவரோ அழுகையை அடக்கிப் பலவேளை மதுவை நாடுகின்றனர். சென்னையில் 1986-இல் தொடங்கிய சிநேகா அமைப்பின் தன்னார்வலர்கள், அப்பேரலையில் உறவினரை இழந்தோரைத் தொடர்ந்து கண்டு பேசியதால் துயரத்தின் கடுமை தணிந்தது என்று பின்னர் ஆராய்ந்து கூறினர்.

தற்காப்பு வேறு, சமாளிப்பு வேறு என்று பிரித்துக் காட்டுவோர் உளர். முன்னது அறியாமல் நிகழ்வது. பின்னது அறிந்து செய்வது. லாசரசும் போக்மனும் 1984-இல் வெளியிட்ட நூலில் சமாளிப்பை இருவகையாக்கினர்: இடரையே மாற்ற முயல்தல், இடரால் எழும் உணர்ச்சியைத் தணித்தல். தூர்ந்த முகத்துவாரத்தைப் பழவேற்காட்டு மீனவர் தாமே தோண்டித் திறக்க முயன்றது முதல் வகை. வெறும் வலையோடு கரையேறியவன், ‘இன்று மீனுக்கெல்லாம் விடுமுறை’ என்று நகைப்பானாயின் அது இரண்டாம் வகை. முதலாவது இயலாத நாளில் இரண்டாவதைக் கோழைத்தனம் என்று கொள்ளுதல் தவறு.

உறக்கம் கெட்டு, உணவு கசந்து, உயிரை வெறுக்கும் நிலை வருமானால் அண்டை வீட்டார் ஆறுதலோடு நின்றுவிடலாகாது. மருத்துவரை நாட வேண்டும். வாய்விட்டுப் பேச ஆளில்லாதவர், 2022 அக்டோபரில் நடுவணரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ பணியை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். இரவிலும் பகலிலும் தமிழிலேயே பேசலாம்.