சிறுசேமிப்பும் பொருளாதாரத் தற்சார்பும்

உழைக்கும் வரை ஊதியம் உண்டு. உழைப்பு நின்றபின் குடும்பத்தைத் தாங்குவது எது? இவ்வினாவுக்கு விடையாக அமைவது சேமிப்பு. தம் சேமிப்பிலிருந்தும் முதலீட்டிலிருந்தும் வரும் வருவாயைக் கொண்டே ஒருவர் வாழ்க்கைச் செலவுகளைச் செய்யும் நிலையைப் பொருளாதாரத் தற்சார்பு என்பர். பொருளின் இன்றியமையாமையை உணர்ந்த திருவள்ளுவர், ‘பொருள் செயல்வகை’ என்னும் அதிகாரத்தையே வகுத்துள்ளார்.

மும்பைத் தமிழரின் நிலை

திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்த தமிழர், தாராவியின் தோல் பட்டறைகளிலும் மாதுங்காவின் உணவகங்களிலும் செம்பூரின் தொழிற்சாலைகளிலும் உழைத்தனர். அரசுப் பணியில் இருந்தோருக்கு ஓய்வூதியம் கிடைத்தது. நாள்கூலி பெற்றோருக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. நோய், திருமணம், பள்ளிக் கட்டணம் எனத் திடீர்ச் செலவு நேர்ந்தால், அவர்கள் வட்டிக்குக் கடன் வாங்கினர். அக்கடன் அடுத்த மாதக் கூலியையும் விழுங்கியது.

நடைபாதையில் பிறந்த சேமிப்பு

1986ஆம் ஆண்டு, மும்பையின் பைகுலாப் பகுதி நடைபாதைகளில் வாழ்ந்த பெண்கள் ‘மகிளா மிலன்’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம் தலைமை தாங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு இவர்களோடு இணைந்து செயல்பட்டது. ஒரு பெண் வீடு வீடாகச் சென்று, ஒவ்வொருவரும் அன்றன்று தரும் சிறு தொகையைப் பெற்றுக்கொள்வார். எழுதப் படிக்க அறியாதோரும் கணக்கை அறிய, வெவ்வேறு தொகைகளுக்கு வெவ்வேறு வண்ணத் தாள்துண்டுகள் பயன்பட்டன. அவசரத் தேவை வந்தபோது, அப்பெண்கள் தம் பொதுச் சேமிப்பிலிருந்தே கடன் பெற்றனர். குடிசைவாழ் மக்களுக்காக உழைத்த ஜோக்கின் அற்புதத்திற்கு 2000ஆம் ஆண்டு மகசேசே விருது வழங்கப்பட்டது.

காலம் செய்யும் பெருக்கம்

சேமித்த பணம் பெட்டியில் உறங்கினால் வளராது. விலைவாசி உயர உயர, அதன் மதிப்பும் குறையும். ஆதலால் அதனை முதலீடு செய்தல் வேண்டும். 1,000 ரூபாயை ஆண்டுக்கு 8 விழுக்காட்டுத் தனிவட்டியில் இட்டால், 27 ஆண்டுகளில் அது 3,160 ரூபாய் ஆகும். கூட்டுவட்டியில் இட்டாலோ ஏறத்தாழ 8,000 ரூபாய் ஆகும். வட்டியும் முதலோடு சேர்ந்து வட்டி ஈட்டுவதே இதற்குக் காரணம். 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் இருமடங்காகும் ஆண்டுகள் தோராயமாகக் கிடைக்கும். இளமையிலேயே தொடங்குவோர்க்குக் காலமே துணையாகிறது.

எவ்வளவு வேண்டும்?

ஓராண்டுச் செலவைப் போல் 25 மடங்கு சேர்ந்தால் ஓய்வு பெறலாம் என்பது பலர் கூறும் கணக்கு. ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாய் செலவிடும் குடும்பத்திற்கு இது 75 இலட்சம் ஆகும். இக்கணக்கு, வில்லியம் பெங்கன் 1994இல் அமெரிக்கச் சந்தையை ஆராய்ந்து வெளியிட்ட கருத்தை ஒட்டியது. அவர் 30 ஆண்டு ஓய்வுக்காலத்தையே கருதினார். இளம் வயதிலேயே ஓய்வு பெறுவோர்க்கு இதனினும் மிகுதியாகத் தேவைப்படலாம். செலவைக் குறைத்தால் சேமிப்பு உயரும். எட்டவேண்டிய தொகையும் குறையும். எனவே சிக்கனம் இருவகையில் பயன் தருகிறது.

எச்சரிக்கை

தமிழர் பலர் சீட்டுக் கட்டிச் சேமிக்கின்றனர். சீட்டு நிறுவனங்கள் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவு பெறாத சீட்டில் இட்ட பணம் பறிபோனால், பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் அழியும். குறுகிய காலத்தில் பணத்தை இரட்டிப்பாக்குவோம் என்று கூறுவோரை நம்புதல் கூடாது. அஞ்சலகம், வங்கி ஆகியவற்றில் தொடங்கி, பிற முதலீடுகளைக் கற்றறிந்த பின்னரே அவற்றில் இறங்குதல் நன்று.

பொருளாதாரத் தற்சார்பு என்பது சோம்பியிருத்தல் அன்று. விரும்பிய பணியைத் தேர்ந்தெடுக்கவும், விரும்பாத பணியை மறுக்கவும், கடனுக்கு அஞ்சாமல் வாழவும் கிடைக்கும் உரிமையே அது.

அருஞ்சொற்பொருள்

தற்சார்பு – பிறரைச் சாராதிருத்தல்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு
சிக்கனம் – அளவறிந்து செலவிடுதல்

வினாக்கள்

1. மகிளா மிலன் பெண்கள் கணக்கை எவ்வாறு அறிந்துகொண்டனர்?
2. தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. 6 விழுக்காட்டுக் கூட்டுவட்டியில் பணம் எத்தனை ஆண்டுகளில் இருமடங்காகும்?
4. சிக்கனம் இருவகையில் பயன் தருவது எவ்வாறு? விளக்குக.