தினமும் தியெனாவும்

பாபநாசத்து மாணவர் ஒருவர் மேற்படிப்புக்காக லிதுவேனியாவின் கௌனாஸ் நகருக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விமானம் ஏறும் முன்பே அந்த நாட்டுச் சொற்கள் சில அவர் நாவில் பழகியிருக்கும். அங்கே பகலுக்கு ‘தியெனா’ என்று பெயர். நாம் தினம் என்கிறோம். பல் ‘தந்திஸ்’, யானைத் தந்தத்தில் இருப்பதும் அந்த வேர்தான். நெருப்பு ‘உக்னிஸ்’, நம் அக்கினி. காற்று ‘வேயஸ்’, நம் வாயு.

தமிழுக்கும் லிதுவேனியத்துக்கும் இரத்த உறவு கிடையாது. தமிழ் திராவிடக் குடும்பத்து மொழி. லிதுவேனியமும் சமஸ்கிருதமும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் இரு கிளைகளைச் சேர்ந்தவை. மூல மொழியிலிருந்து அவை பிரிந்து பல ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பது மொழியியலாளர் கணிப்பு. இன்று பேசப்படும் ஐரோப்பிய மொழிகளில் பழைய ஒலிகளையும் விகுதிகளையும் லிதுவேனியம் அளவுக்குக் காத்து வைத்திருப்பவை மிகச் சில. நம்மிடம் உள்ளவை சமஸ்கிருதம் வழியாக வந்த கடன் சொற்கள். பால்டிக் கடலோரத்துச் சொல்லின் உறவு ஒன்று காவிரிக் கரையிலும் புழங்குவது வியப்புதானே!

அன்றாட வினைச்சொற்களுக்கு வந்தால் இந்தச் சலுகை தீர்ந்துவிடுகிறது. ‘கெல்யு’ என்றால் தூக்குகிறேன். ‘கெல்யுஓசி’ என்றால் எழுந்திருக்கிறேன். ‘ப்ரௌஸ்யு’ என்றால் இன்னொருவர் முகத்தைக் கழுவிவிடுகிறேன். ‘ப்ரௌஸ்யுஓசி’ என்றால் என் முகத்தைக் கழுவிக்கொள்கிறேன். செயல் செய்பவரிடமே திரும்புவதை அந்தக் கடைசி ‘சி’ காட்டுகிறது. கழுவிக்கொள், உடுத்திக்கொள் என்று பேசும் நமக்கு அது சட்டென்று பிடிபடும். பல மொழிக்காரர்களைவிட இந்த இடத்தில் தமிழர் ஒரு படி முன்னே நிற்கிறார் என்பேன்.

இலக்கணம் பிடிபட்டாலும் சொல் நினைவில் தங்க வேண்டுமே. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் கரைவது குறைகிறது. 1980களில் நடந்த சோதனைகள் இன்னொன்றைக் காட்டின. ‘தீக்குச்சியை ஒடி’ என்று வெறுமனே கேட்டவர்களைவிட, குச்சியை ஒடித்தே பார்த்தவர்களுக்கு அந்தத் தொடர் கூடுதலாக நினைவில் நின்றது. கை செய்யும் வேலையும் நினைவில் பதிகிறது.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் முன்பே நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் படித்தார்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு அந்தப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து அப்படித்தான் தமிழ் எழுத்துகளைக் கற்றார். சில ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டையே தமிழாக்கும் அளவுக்குத் தேறினார்.

ஆகவே, லிதுவேனியம் கற்க நினைப்பவர்களே, சொற்பட்டியலோடு மட்டும் மல்லாடாதீர்கள். முகம் கழுவும்போது ‘ப்ரௌஸ்யுஓசி’ என்று உரக்கச் சொல்லுங்கள். டபராவைக் கையில் எடுக்கும்போது ‘கெர்யு காவா’, காபி குடிக்கிறேன், என்று சொல்லுங்கள். இரவில் புத்தகத்தைத் திறக்காமல் அவற்றை நினைவுபடுத்திப் பாருங்கள். இரண்டு நாள் விட்டு மறுபடியும் பாருங்கள்.