காற்றுப் புகாத பாண்டத்து விஷம்

பெரியாற்று நீர் மலையைக் குடைந்த வழியே இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கை நனைத்த அதே 1895ஆம் ஆண்டின் டிசம்பரில், பெல்ஜியத்தின் எல்லெஸெல் என்னும் சிற்றூரில் சாவுக்கு வாத்தியம் வாசிக்கச் சென்ற கோஷ்டியார், உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடையை உண்டு, இமை சரிந்து, நாக் குழறி, மூவர் மாண்டனர். மிஞ்சிய இறைச்சியை ஆராய்ந்த கிருமியியலறிஞர் வான் எர்மெங்கெம் அதில் கண்ட கிருமியே பொட்டுலிசம் என்னும் நோய்க்கு மூலகாரணம்.

மண்ணில் எங்கும் கிடக்கும் அக்கிருமியின் வித்துகள், மணிக்கணக்கில் கொதித்தும் சாகாதிருந்து, காற்றும் புளிப்பும் அற்ற பாண்டத்தினுள் முளைத்து விஷத்தைச் சுரக்கின்றன. நம் மாங்காய் ஊறுகாயைக் காப்பவை புளிப்பும் உப்புமே, எண்ணெய் அன்று. பூண்டை வெறும் எண்ணெயில் மூழ்கவைத்து நாள்கணக்கில் வெளியே வைத்திருப்பது அபாயம். வித்துக்கு இல்லாத பலவீனம் விஷத்துக்கு உண்டு: நன்றாகக் கொதிக்கவிட்டால் அழிந்துவிடும்.

நம் தேசத்திலும் 1996 செப்டம்பரில், குஜராத்தின் ஒரு விடுதிப் பள்ளியில் 34 மாணவர்கள் இந்நோய்க்குரிய குறிகளோடு படுத்தனர்; கடலைமாவுச் சேவில் இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு கிருமி அகப்பட்டது.

உத்தமபாளையத்துத் திராட்சைத் தோட்டத்திலிருந்து ஒருவரை இமை சரிந்த நிலையில் தூக்கி வந்தால், கட்டுவிரியன் தீண்டியதென்றே வைத்தியர் முதலில் எண்ணுவார், அது நியாயமே. ஆனால் ஒரே அடுப்பில் உண்ட இருவர், ஜ்வரமின்றி, பிரக்ஞை தெளிந்திருக்க, முகத்திலிருந்து கீழ்நோக்கி வாதம் இறங்க வந்து படுப்பார்களாயின், என்ன சாப்பிட்டீர்கள் என்னும் கேள்வியே சிகிச்சையின் முதற்படி. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதன்று இது. பாண்டத்தைப் பகிர்ந்தவரையே பற்றும். எதிர்விஷ மருந்து இரத்தத்தில் திரியும் நஞ்சையே கட்டும். நரம்பைப் பற்றிவிட்டதை விடுவிக்காது. நரம்பு நுனி மீளத் தளிர்க்கும் வாரங்களும் மாதங்களும் நோயாளியைச் செயற்கைச் சுவாசமே தாங்க வேண்டும். 2006இல் தாய்லாந்தின் நான் என்னும் மாகாணத்தில், டின்னில் அடைத்த மூங்கில் குருத்தை உண்டு 209 பேர் நோயுற்று, 42 பேர் சுவாச இயந்திரத்தில் கிடந்தும் ஒருவரும் இறவாமைக்கு, பரதேசங்களிலிருந்து பறந்து வந்த மருந்தைவிட அவ்வியந்திரங்களின் அருகே விழித்திருந்தவர்களையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி, பாட்டிமார் சண்டைக்கு வரக்கூடிய ஒரு விஷயம். பிறந்த சிசுவின் நாவில் தேனால் சேனை வைக்கும் சம்பிரதாயம் நம் பக்கத்தில் உண்டு. மலைத்தேன் ஆயினும் கடைத்தேன் ஆயினும் அவ்வித்துகள் அதில் இருக்கக்கூடும். முதிராத குடலில் அவை முளைத்து விஷத்தைச் சுரக்கும் என்பது 1976இல் கலிபோர்னியாவில் தெரியவந்தது. மலம் கட்டுதல், பால் இழுக்க வலுவின்மை, அழுகுரல் மெலிதல் ஆகியவை அதன் முற்குறிகள். ஓராண்டு நிறைந்தபின் அதே தேனை அதே குழந்தை தாராளமாக நக்கலாம்.