நடந்து வரும் கவிதாவும் ஒரு தவறான நிரூபணமும்

ஒரு வகுப்பைக் கற்பனை செய்யுங்கள். முகிலனும் சாராவும் ஒரே பள்ளிப் பேருந்தில் வருகிறார்கள். (முகிலன், சாரா) ஒரு வரிசைச் சோடி. இப்படி ஒரே பேருந்தில் வரும் எல்லாச் சோடிகளையும் ஒரு கணமாகச் சேர்த்தால், அந்தக் கணமே ஒரு தொடர்பு. கணவியலில் தொடர்பு என்பது அவ்வளவுதான்.

முகிலனுக்குச் சாராவோடு தொடர்பு இருந்தால் சாராவுக்கும் முகிலனோடு உண்டு. இது சமச்சீர். சாராவோடு அமீரும் வந்தால் முகிலனும் அமீரும் ஒரே பேருந்துதான். இது கடப்பு.

இப்போது பலரை ஏமாற்றும் ஒரு நிரூபணம். அ-வுக்கு ஆ-வோடு தொடர்பு. சமச்சீரால் ஆ-வுக்கு அ-வோடு தொடர்பு. கடப்பால் அ-வுக்குத் தன்னோடே தொடர்பு. ஆகவே ஒவ்வோர் உறுப்பும் தன்னோடு தொடர்புடையது. தற்சுட்டுப் பண்பைத் தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை! எங்கே பிழை? படிப்பதை நிறுத்தி ஒரு நிமிடம் யோசியுங்கள்.

முதல் வரியில்தான். ஆ என்று ஒருவர் இருந்தாக வேண்டுமே! கவிதா நடந்து வருகிறாள். அவளுக்குப் பேருந்தே இல்லாததால் (கவிதா, கவிதா) அந்தக் கணத்தில் இல்லை. சமச்சீரும் கடப்பும் ‘இருந்தால்’ என்று மட்டுமே பேசுகின்றன. தற்சுட்டோ ‘எல்லாருக்கும்’ என்கிறது.

சார்பிலும் கவிதாவால் இதே சிக்கல். சார்பகத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் சரியாக ஒரு துணை வேண்டும். மாணவரைப் பேருந்தோடு இணைப்பது முழு வகுப்புக்குச் சார்பாகாது. பேருந்தில் வருவோரை மட்டும் சார்பகமாக்கினால், ஆளுக்கு ஒரு பேருந்து என்பதால், அது சார்பாகிவிடும். அவர்களிடையே நம் தொடர்பும் தற்சுட்டாகி, சமானத் தொடர்பு ஆகிறது; பேருந்துக்கு ஒரு குழுவாக, யாரும் விடுபடாமல் பிரிந்துவிடுவார்கள்.