மேடையில் ஒருத்தி

நாடகம் என்றதும் உங்கள் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? கோயில் திருவிழா. தோட்டத்துத் திடலில் பலகை மேடை. ஆர்மோனியப் பெட்டி, ஜிகினா உடை, பபூனைக் கண்டதும் கூச்சல் போடும் பிள்ளைகள். எங்கள் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டங்களில் பெரியவர்களைக் கேட்டால் இன்றும் முகம் மலரச் சொல்வார்கள். ஒரு மாதத்துக்கு முன்பே ஒத்திகை தொடங்கிவிடுமாம். காலையில் மரம் சீவி, பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, மாலையில் வசனப் பாடம்!

சரி, அந்த நாடகங்களில் சந்திரமதியாகவும் வள்ளியாகவும் அல்லி ராணியாகவும் வந்தவர்கள் யார்? பக்கத்து லயத்து அண்ணன்மார்கள்தாம். மீசையை எடுத்துவிட்டு, யாரோ ஓர் அக்காவிடம் சேலையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். சேலை கொடுத்த அக்கா கீழே பாயில் உட்கார்ந்து பார்ப்பார். பெண்ணின் துயரத்தை ஆண் பேச, அதைக் கேட்டுப் பெண் அழுவாள். அது அந்தக் காலத்து வழக்கம். யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

இன்று நான் சொல்ல வந்தது வேறொரு வகை நாடகத்தைப் பற்றி, வாசகர்களே. இதில் ராஜபார்ட் இல்லை, பபூன் இல்லை, துணை நடிகர் கூட்டமும் இல்லை. மேடையில் ஒரே ஒரு பெண். அவளே பேசுவாள். அவளே மாமியாராவாள், கணவனாவாள், கைக்குழந்தையுமாவாள். ஒரு பெண்ணின் வாழ்க்கையை, பிறந்தது முதல் தலை நரைத்தது வரை, ஒருத்தியே நம் முன் கொண்டுவந்து வைப்பாள். ஓராள் நாடகம் என்பார்கள்.

இப்படிப் பெண்கள் தாமே ஆக்கி நடிக்கும் நாடகங்களுக்கென்று தனி விழாக்களும் நடப்பதுண்டு. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் கார்டிஃப் நகரில் 1986-இல் நாடகப் பெண்கள் ஒன்றுகூடி ‘மாக்டலேனா’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த வழியில் வந்த ஒரு விழாவை வங்காளத்துப் பாடகி பார்வதி பாவுல் 2012-இல் புதுச்சேரியில் நடத்தினார். அதன் பெயர் ‘தந்திதாத்ரி’.

“வாத்தியாரே, கார்டிஃபும் புதுச்சேரியும் நமக்கு எதற்கு?” என்று நீங்கள் கேட்பது புரிகிறது. சிரம்பான் தெரியுமல்லவா? அங்கே போவோம்.

சிரம்பானில் மேடையேறிய எமிலி

ஸ்டெல்லா கோன் என்பவர் சிங்கப்பூர் எழுத்தாளர். மலேசியாவில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். அவர் எழுதிய ‘எமரல்ட் ஹில் எமிலி’ என்ற ஆங்கில நாடகம் 1983-இல் சிங்கப்பூரில் நடந்த தேசிய நாடகப் போட்டியில் பரிசு பெற்றது. பரிசு பெற்றதே தவிர, அங்கே உடனே மேடையேறவில்லை. முதன்முதலில் அது நடிக்கப்பட்டது நம் நாட்டில், சிரம்பானில், 1984-இல். சின் சான் சூய் இயக்கினார்; லியோ புவே தின் என்ற நடிகை எமிலியாக நடித்தார். சிங்கப்பூர் அதைப் பார்த்தது மறுவருடம்தான். அங்கே எமிலியானவர் மார்கரெட் சான்.

கதை என்ன? எமிலி ஒரு பாபா நோஞ்ஞா குடும்பத்துப் பெண். தாய்க்கு வேண்டாத மகள். பதினாலு வயதில், தன்னைவிட இரு மடங்கு வயதானவனுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டுப் பெரிய மாளிகைக்கு மருமகளாக வருகிறாள். மாமியாரின் மனத்தைச் சமையலால் வெல்கிறாள். மைத்துனர்களை, நாத்தனார்களைச் சமாளிக்கிறாள். ஒரு நாள் அந்த வீட்டின் சாவிக்கொத்தே அவள் கைக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு? கணவன் வேறொருத்தியிடம் போகிறான். அவள் உயிராய் வளர்த்த மூத்த மகன், தாயின் பிடி தாங்காமல் தன் உயிரையே போக்கிக்கொள்கிறான். கடைசியில் அந்தப் பெரிய வீட்டில் அவள் மட்டும்.

நம் வீட்டுக் கதை மாதிரி இருக்கிறதா? இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். எமிலி நல்லவளா, கெட்டவளா என்று நாடகம் தீர்ப்புச் சொல்லவில்லை. அவள் அடக்கப்பட்டவள், பிறகு அடக்கியவளும் அவளே. மற்ற பாத்திரங்களும் மேடையில் இருந்தால் நாம் கட்சி பிரிந்து உட்கார்ந்துகொள்வோம். அவள் ஒருத்தியே எல்லாரையும் பேசிக் காட்டும்போது கட்சி கட்ட முடிவதில்லை. இந்த வகை நாடகத்தின் பலம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பெர்லி சுவா என்ற மலேசிய நடிகை 1990-இல் இதே எமிலி வேடம் ஏற்றார். பிறகு ஆண்டுக்கணக்கில், நூறு தடவைக்கு மேல், அவரே அதை நடித்திருக்கிறார். ஒரே பாத்திரத்தோடு ஒரு பெண் கூடவே மூப்படைவது என்றால் சும்மாவா?

ஒரு தம்புராவும் ஒரு கதாயுதமும்

ஒருவர் எப்படிப் பலராக மாறுகிறார்? இதில் மாயமில்லை, தொழில் இருக்கிறது. முதலில் கண். நடிப்பவள் கண்ணைத் தாழ்த்திப் பேசினால் எதிரில் குழந்தை நிற்கிறது. அண்ணாந்து பேசினால் துரை நிற்கிறான். அடுத்தது இடம். மாமியார் உட்கார்ந்த பக்கம் எது என்று ஒரு தடவை காட்டிவிட்டால், கடைசிவரை அந்தப் பக்கம் மாறக்கூடாது. எமிலி நாடகத்தில் ஒரு தொலைபேசிதான் பாதி வேலையைச் செய்கிறது. மறுமுனையில் இருப்பவர் பேசுவது நம் காதில் விழுவதே இல்லை. ஆனாலும் அவர் யார், என்ன சொன்னார் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகிறது!

இந்தியாவில் சத்தீஸ்கர் மாநிலத்துத் தீஜன் பாய் தம்புராவை வைத்தே இதைச் சாதித்தார். அவர் பாடி நடிப்பது பாண்டவர் கதை. ‘பாண்டவானி’ என்பது அதன் பெயர். அந்தத் தம்புராவே பீமன் கையில் கதாயுதம், அர்ச்சுனன் கையில் வில். அந்நாளில் பெண்கள் உட்கார்ந்துதான் பாடலாம். எழுந்து நின்று நடிப்பது ஆண்கள் உரிமை. பதின்மூன்று வயதில் மேடை கண்ட தீஜன் பாய் எழுந்து நின்றார். ‘பெண் இப்படி ஆடுவதா?’ என்று சொந்தச் சமூகமே அவரை ஒதுக்கிவைத்தது. குடிசை போட்டுத் தனியே வாழ்ந்தார். பாட்டை மட்டும் விடவில்லை. 2019-இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது.

பாஞ்சாலி கதை நமக்குப் புதிதா என்ன? தீ மிதித் திருவிழா நடத்துகிற ஜனங்கள் நாம். அதே பாஞ்சாலியை வங்காளத்தில் சாவலி மித்ரா 1983-இல் ஓராள் நாடகமாக ஆக்கினார். ‘நாதவதி அநாதவத்’ என்று பெயர் வைத்தார். நாதன் இருந்தும் நாதி இல்லாதவள் என்று பொருள். ஐந்து கணவர்கள் இருந்தும், சபையில் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லையே!

தமிழிலும் இது உண்டு. எழுத்தாளர் அ. ரேவதி நாமக்கல் பக்கத்துத் திருநங்கை. தன் வாழ்க்கையை ‘வெள்ளை மொழி’ என்ற நூலாக எழுதினார். அதையே அ. மங்கையின் இயக்கத்தில் மேடையேற்றித் தானே தனியாக நடித்தார். பிறர் வேடம் போடவில்லை. வீட்டை விட்டு ஓடியதும், அடிபட்டதும், மகளாக ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சியதும் அவருக்கே நேர்ந்தவை.

சிங்கப்பூர் இளங்கோவன் எழுதிய ‘தலாக்’ ஓர் இந்திய முஸ்லிம் பெண்ணின் மணவாழ்க்கையைப் பேசிய ஓராள் தமிழ் நாடகம். 1998-இல் நர்கிஸ் பானு என்ற நடிகை அதை நடித்தார். எதிர்ப்புக் கிளம்பியது. 2000-இல் அதையே ஆங்கிலத்திலும் மலாயிலும் மேடையேற்ற முயன்றபோது அனுமதி கிடைக்கவில்லை. நாடகத்தின் கருத்தோடு நீங்கள் ஒத்துப்போகலாம், போகாமலும் இருக்கலாம். ஆனால் ஒருத்தி தனியே நின்று ‘எனக்கு இப்படி நடந்தது’ என்று பேசும்போது எத்தனை பேர் நெளிகிறார்கள், பாருங்கள்!

நம் லயத்து மேடை

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். ஓராள் நாடகம் நமக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். துக்க வீட்டில் ஒப்பாரி வைக்கும் பாட்டியைப் பார்த்ததில்லையா? செத்தவர் பிறந்த ஊர், கப்பலேறிய கதை, பெற்றது, இழந்தது, மருமகள் சோறு போடாதது வரைக்கும் மார்பில் அடித்துக்கொண்டு பாடுவார். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் அழுவார்கள். சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். யாருக்கு எந்த வரி என்று எல்லாருக்கும் தெரியும்! சாதாரண நாளில் சொன்னால் சண்டை வரும். துக்க வீட்டில் யாரும் வாயைத் திறக்க முடியாது. வருடம் முழுவதும் பேசாத பெண்ணுக்கு அன்று ஒரு நாள் சபை கிடைத்தது.

இன்று ஒப்பாரி வைக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாகி விற்கப்பட்டன. லயங்களில் ஒன்றாய் இருந்த சனம் தாமான் வீடுகளுக்குச் சிதறிப் போயிற்று. கதை தெரிந்த பாட்டிமார் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இதுதான் எனக்குக் கவலை.

சயாமுக்குப் போன ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான்காரன் காலத்தில், 1942-லிருந்து, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான நம்மவர்களைக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அவர்கள் பட்ட பாட்டை ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்று நாவலாக எழுதினார். ஆனால் இங்கே லயத்தில் காத்திருந்தவளின் கதை? புருஷன் உயிரோடு இருக்கிறானா, இல்லையா என்று தெரியாமல், பொட்டு வைப்பதா அழிப்பதா என்று புரியாமல், மரவள்ளிக் கிழங்கை அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அவள்? ஒரு முழு இரவு நாடகத்துக்கு அந்தப் பொட்டு ஒன்று போதாதா?

அதே காலத்தில், 1943-இல், நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் சேர்ந்தார்கள். ஈப்போவில் பிறந்த ராசம்மா பூபாலன் பள்ளி வயதிலேயே அதில் சேர்ந்தவர். பின்னாளில் ஆசிரியரானார். 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தை நிறுவிச் சம ஊதியத்துக்குப் போராடினார். அவர் பெயர் பதிவாகியிருக்கிறது. அவரோடு துப்பாக்கி பிடித்துவிட்டு, மறுபடி தோட்டத்துக்கு வந்து வாளியைத் தூக்கியவளின் பெயர் எங்கே பதிவாகியிருக்கிறது? 1920-களின் கடைசியில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசுதான். அந்தப் பத்துக் காசைப் பற்றிப் பெரட்டுக் களத்தில் அவள் என்ன நினைத்திருப்பாள்?

ஆகவே நான் கேட்பது ஒரு சின்னக் காரியம். தோட்டத்து மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஒரு சாயங்காலம். நாலு பெண்கள், ஆளுக்குப் பத்து நிமிடம். அதுவே ஒரு விழாதான்.

எப்படித் தயார் செய்வது? பாட்டியிடம் போய் “உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்” என்று கேட்காதீர்கள். “என் கதையில என்ன ஆயா இருக்கு? மரம் வெட்டுனேன், புள்ள பெத்தேன்” என்று முடித்துவிடுவார். ஒரு பொருளைக் காட்டிக் கேளுங்கள். பழைய சீவுளி, தலையில் கட்டும் விளக்கு, முதல் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்ட நாள். பிறகு பாருங்கள், பேச்சு நிற்காது. கேட்டதையெல்லாம் மேடையில் திணிக்க வேண்டாம். ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று அவள் யாரிடம் பேசுகிறாள் என்பதை முடிவு செய்யுங்கள். செத்துப்போன தங்கச்சியிடமா, கங்காணியிடமா, வயிற்றில் இருக்கும் பிள்ளையிடமா? அது தெரிந்துவிட்டால் வசனம் தானாக வரும். மேடைத் தமிழ் வேண்டாம். பாட்டி பேசிய பேச்சே போதும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். உயிரோடு இருப்பவரின் கதையானால் அவரிடம் உத்தரவு கேளுங்கள். சில விஷயங்களை அவர் உங்களிடம் மட்டும் சொல்லியிருப்பார். அது மேடைக்கு அல்ல. பெயரையும் தோட்டத்தையும் மாற்றிவிடலாம். முதல் வரிசையில் அவரையே உட்காரவைப்பதா வேண்டாமா என்பதையும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

ஆண்கள் என்ன செய்வது என்று ஓர் அண்ணன் கேட்டார். நாற்காலி போடலாம், தேநீர் கலக்கலாம். சேலையை இரவல் கேட்காமல் இருந்தால் சரி!

செலவு அதிகமில்லை. ஒரு முக்காலி, ஒரு வாளி, தலைத்துணி ஒன்று. விளக்கு வெளிச்சம் முகத்தில் விழுந்தால் போதும். பழைய பீங்கான் மங்கு கிடைக்கவில்லையா? வீட்டு முற்றங்களைப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் இன்னும் சிலர் அதில் துளசி வளர்க்கிறார்கள்.