ஊர் எங்களுக்குப் பழசு, உடலுக்குப் புதுசு

கோடை விடுமுறைக்கு ‘ஊருக்குப் போகிறோம்’ என்கிறோம். இங்கு பிறந்த பிள்ளைகளுக்கோ இலங்கை முன்பின் தெரியாத நாடு. “அந்தக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த எங்களுக்கு என்ன வரப்போகிறது?” என்று பெரியவர்கள் சொல்வதையும் அடிக்கடி கேட்கிறோம். பல ஆண்டுகள் கழித்துப் போகும் எங்கள் உடலும் அங்கு விருந்தாளிதான்.

புறப்பட ஆறு வாரங்களுக்கு முன்பே குடும்ப வைத்தியரிடம் தைபொயிட், ஈரல் அழற்சி ‘ஏ’ தடுப்பூசிகள் பற்றிக் கேளுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தக் குளிசைகளையும் இன்சுலினையும் மருந்துச் சீட்டுடன் கைப்பையில் வையுங்கள்.

இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. டெங்கு அப்படியல்ல. அதைப் பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பதால் இரவு வலை மட்டும் போதாது. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுரோஃபென் இரத்தக் கசிவைக் கூட்டலாம். காய்ச்சல் தணியும் நேரமே ஆபத்தான நேரம். அப்போது கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, மிகுந்த சோர்வு தோன்றினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாய் கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். இங்கு திரும்பி ஊசி போடலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். அவசர அம்புலன்ஸ் இலக்கம் 1990, சேவை இலவசம்.

வயிற்றோட்டம் கண்டால் ‘ஜீவனி’ கரைத்துக் குடிக்கக் கொடுங்கள்.

திரும்பிய இரு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், இலங்கை சென்று வந்ததை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.